எண்ணாது எழுந்த செலவு

'செலவு' என்னுஞ் சொற்கு இக்காலத்தார் கொள்ளும் பொருள் பெரும்பாலும் ஒன்றே. கையிலிருந்த பணம் கைவிட்டுப் போதலையே யாவருஞ் செலவென்பர். நம் முன்னோரோ அச்சொல்லைப் பயணம் என்னும் பொருளிலும் வழங்கினர். பொருள் தேடிப் பிரிய எண்ணிய தலைவன், பின்னர்த் தன் போக்கை நிறுத்திக்கொள்வதைச் 'செலவழுங்கல்' என அகப்பொருள் நூலார் ஒரு துறையாகவே வகுத்தனர். பட்டினப்பாலை முழுவதும் அவ்வொரு துறையின்மேல் நிற்பது. வளஞ்சிறந்த காவிரிப்பூம்பட்டினமே பெறுவதாயினும் காதலியைப் பிரிந்து வாரேன் எனத் தலைவன் தன் நெஞ்சிற்குக் கூறுவதே அப்பாட்டின் முடிபு. மனிதர் செல்வதையும் பணம் செல்வதையும் ஒரே சொல்லாற் குறிக்கும் நம் மொழி ஓர் உண்மையை நமக்கு நினைப்பூட்டுகின்றது. செல்லுதல் என்று ஒன்று உண்டாயின் அதற்கொரு விலையும் உண்டு. அவ்விலையை யாரேனும் ஒருவர் கொடுத்தே தீரவேண்டும்.

இக்கட்டுரையில் யாம் ஆராயப் புகுவது ஒரு சிறு செலவு. முன்னேற்பாடு யாதுமின்றிக் காலையில் நினைத்துக் காலையிலேயே புறப்பட்டு, ஒரு குடும்பத்தார் அனைவரும் பெருநகரொன்றைக் கண்டு, இரவில் மனை மீளும் ஒருநாட் பயணமே அது. அத்தகைய பயணம் வேண்டுவதா, வேண்டாததா? வேண்டுவதே என்பது எம் துணிபு. ஆயின் அதன் விலையை ஒருவர் தலைமேல் ஏற்றிவிட்டு ஏனையோர் இன்பம் நுகர்தல் முறையன்று என்பது அத்துணிபின் மறுபாதி. இவ்விரண்டையும் இயன்றவரை நிறுவ முயல்வோம்.

வேண்டாவென்பார் கூறுங் காரணங்கள் மூன்று. ஏற்பாடின்றிச் செல்வோர்க்குப் பொருள் வீணாகும் என்பது ஒன்று. காணத்தக்கன பலவற்றைக் காணாமலே திரும்ப நேரும் என்பது இரண்டு. முதியோரையும் சிறுவரையும் வழியறியாத ஊரில் அலைக்கழித்தல் தகாது என்பது மூன்று. இவருட் சிலர் திருக்குறளில் 'தெரிந்துசெயல்வகை' என்னும் அதிகாரத்தையும் தமக்குத் துணையாகக் காட்டுவர்.

அவ்வதிகாரம் பொருட்பாலில், அரசன் ஆற்றும் வினையைப் பற்றிக் கூறுமிடத்தில் அமைந்ததென்பதை இவர்கள் மறந்துவிடுகின்றனர். அன்றியும், இழப்பையும் பேற்றையும் சீர்தூக்குக என்பதன்றி, எச்செயலையுந் தள்ளிப்போடுக என்று வள்ளுவனார் அவ்வதிகாரத்தில் விதித்திலர். ஒருநாட் பயணத்தின் இழப்பையும் பேற்றையும் சீர்தூக்கிப் பார்க்க ஒரு குவளைக் காப்பி ஆறும் நேரம் போதும். அதற்கு மேலும் எண்ணிக்கொண்டிருப்பவர் பயணத்தை எண்ணவில்லை. போகாமலிருப்பதற்கு வழியை எண்ணுகின்றார் என்பதே உண்மை.

திட்டமிடல் ஒரு நற்குணம் என்பதை யாமும் உடன்படுகின்றோம். ஆயின் அது நற்குணம் மட்டுமன்று, ஒரு வசதியுமாம். எந்நாள் விடுமுறை, எந்நாள் சம்பளம் என்று முன்னரே அறிந்தவர்க்குத் திட்டமிடல் எளிது. நாட்கூலி பெறுவாரும், சிறுகடை நடத்துவாரும், மழை நோக்கி உழுவாரும் அடுத்த திங்களில் தமக்கு ஓய்வு உண்டா என்பதை எங்ஙனம் அறிவர்? அவர்கட்கு ஓய்வென்பது அறிவித்து வருவதன்று. வேலை இல்லையென்று சொல்லப்படும் அந்தக் காலைப்பொழுதிலேயே அது பிறக்கின்றது. அத்தகைய வீடுகளில் திட்டமென்பது பெரும்பாலும் தள்ளிவைப்பின் மறுபெயர். "அறுப்பு முடியட்டும்," "பெண் தேர்வு எழுதட்டும்," "வரும் மே மாதம் பார்க்கலாம்" என்று சொல்லிச் சொல்லியே ஆண்டுகள் கழிகின்றன. திடீரென எழும் பயணம் இன்றேல் அக்குடும்பங்கட்குப் பயணமே இல்லை. ஆகவே திட்டமிடாப் பயணத்தைப் பழித்தல், அறியாமலேயே எளியோரின் ஒரே பயணத்தைப் பழித்தலாக முடிகின்றது.

இனி, முதியோரும் சிறுவரும் கூட்டத்தில் தவறிப்போவர் என்னும் அச்சத்தைக் காண்போம். இவ்வச்சம் நியாயமானதே. ஆயின் ஏற்பாடு ஒன்றே அதற்கு மருந்தாகாது. லூக்கா எழுதிய நற்செய்தியில் நாசரேத்தூர்க் குடும்பமொன்று எருசலேமுக்குச் சென்று மீண்ட வரலாற்றை யாவரும் அறிவோம். அது திடீரென எழுந்த பயணமன்று. பஸ்கா பண்டிகைக்கென ஆண்டுதோறும் சென்று பழகிய பயணம். உற்றார் உறவினர் புடைசூழச் சென்ற பயணம். எனினும் பன்னிரண்டு வயதுப் பிள்ளை நகரிலேயே தங்கிவிட்டதை ஒருநாள் வழி நடந்த பின்னரே பெற்றோர் அறிந்தனர். உறவினரோடு வருவான் என்று ஒவ்வொருவரும் எண்ணியதே காரணம். ஆகவே பயணத்திற்கு இன்றியமையாதது பல திங்கள் ஆலோசனையன்று. ஒவ்வோரிடத்திலும் தலைகளை எண்ணும் ஒருவரே.

குடும்பத்தோடு பெருநகர் காணச் செல்லுதல் நம் இலக்கியத்திற்கும் புதிதன்று. அகப்பாடல்களில் தலைவன் தனியே செல்கின்றான். பின்தங்கியவள் நாள் எண்ணிச் சுவரில் கோடிடுகின்றாள். ஆற்றுப்படைகளிலோ பாணனுங் கூத்தனும் தம் சுற்றத்தையும் உடன்கொண்டே நடக்கின்றனர். பரிசில் பெற்று வருவோர் வறியவரை எதிர்ப்பட்டு, இவ்வழியே செல்க, இங்கே இன்ன உணவு கிடைக்கும், இவ்விடத்தில் இளைப்பாறுக என்று கூறும் அன்புரையே ஆற்றுப்படை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பெரும்பாணனைத் தொண்டைமான் இளந்திரையனிடம் ஆற்றுப்படுத்துகையில், கச்சிமாநகர் வரையுள்ள வழியெல்லாம் யார் யார் விருந்தோம்புவர் என்பதையும் விளக்குகின்றார். பாணன் தனக்கென ஏற்பாடு ஒன்றுஞ் செய்துகொண்டிலன். வழியே அவனுக்கு ஏற்பாடு செய்து வைத்திருந்தது. இக்குறிப்பைப் படிப்போர் மனத்தில் இருத்துமாறு வேண்டுகின்றோம். பின்னர் இதனிடத்தே மீள்வோம்.

எம் பகுதியினர்க்குச் சென்னை செல்லுதல் எளிதான வரலாறும் சுவையானது. தென்னிந்தியாவில் முதன்முதலாகப் புகைவண்டி ஓடியது 1856ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், இராயபுரத்திற்கும் வாலாஜா ரோடு நிலையத்திற்கும் இடையே. அதற்குமுன் பல நாட் பயணமாயிருந்த வழி அன்றுமுதல் ஒரு பகலுள் அடங்கிற்று. காலையிற் சென்று இரவில் மீளும் பயணத்தை எம் ஊர்ப்புறத்தார்க்கு அளித்தது அவ்விருப்புப் பாதையே எனலாம்.

இக்காலத்தில் அவ்வாயிலைத் திறந்து வைத்திருப்பது முன்பதிவு வேண்டாத பொதுப்பெட்டி. முன்பதிவு செய்வோர்க்கு இரயில்வே அறுபது நாட்களுக்கு முன்னரே இடம் வழங்குகின்றது. முன்னர் 120 நாட்களாயிருந்த அக்காலம் 2024 நவம்பர் முதல் 60 நாட்களாகக் குறைக்கப்பட்டது. அறுபது நாட்களுக்கு அப்பால் தம் ஓய்வை அறிந்தவர்க்கு இஃது உதவும். அன்று காலையில் நினைத்தவர்க்கோ நிலையச் சாளரத்தில் வாங்கும் பொதுப்பெட்டிச் சீட்டே கதி. அப்பெட்டியில் நெருக்கம் மிகுதி. நின்றுகொண்டே செல்வாரும் பலர். எனினும் பெயரும் வயதும் முன்னரே எழுதித் தராதவனும் பயணி என்று ஒப்புக்கொள்ளும் பெட்டி அஃதொன்றே. பெரு வண்டிகளிற் பொதுப்பெட்டியின் எண்ணிக்கை குறையுந்தோறும் எளியோரின் இத்தகைய பயணமும் குறையும் என்பதை நாம் மறத்தலாகாது.

இதுகாறுங் கூறியவற்றிற்கு எடுத்துக்காட்டாக எம் வீட்டார் சென்ற பயணமொன்றைச் சுருங்கக் கூறுவோம். எம் தந்தையார் இராணிப்பேட்டைப் பக்கத்துத் தோல் பதனிடுந் தொழிற்சாலையொன்றில் வேலை செய்பவர். சென்ற ஆண்டு ஆவணித் திங்களில் ஒருநாட் காலை, தோல் வந்து சேராமையால் அன்று வேலையில்லை என்று கைப்பேசியிற் செய்தி வந்தது. அப்பொழுது மணி ஆறரை. தந்தையார் சிறிதுநேரம் வாயிலில் நின்றார், பின்னர் உள்ளே வந்து, "பட்டணம் போய் வருவோமா?" என்றார். எம் பாட்டியார்க்கு அப்போது வயது எழுபத்தாறு. சென்னைக் கடலிலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிற் பிறந்து வளர்ந்தும் அவர் கடலைக் கண்டதில்லை. அவரைக் கடற்கரைக்கு அழைத்துச் செல்லுந் திட்டம் எம் வீட்டில் யாம் பிறக்குமுன்னரே தொடங்கியதென்பர்.

மணி எட்டுக்கு வாயிற்கதவு பூட்டப்பட்டது. இடைப்பட்ட ஒன்றரை மணி நேரத்தில் நிகழ்ந்தவற்றை இங்கே பதிவுசெய்தல் வேண்டும். தந்தையார் குளித்து வெள்ளைச் சட்டை அணிந்தார். தங்கை பாட்டியார்க்குத் தலைவாரினாள். யாம் தண்ணீர்ப் புட்டிகளை நிரப்பினோம். எஞ்சியவை யாவும் தாயார் செய்தவை: புளிச்சோறு கிளறிக் கட்டியது, பாட்டியாரின் இரத்த அழுத்த மாத்திரைகளை வேளைவாரியாக மடித்து வைத்தது, அவருக்கு மாற்றுப் புடவை எடுத்தது, கோழிகளை அண்டை வீட்டாரிடம் ஒப்படைத்தது, பால்காரருக்குச் செய்தி விட்டது, அடுப்பின் எரிவாயுவை அடைத்தது, கடைசியாகத் தாமும் ஒருவாறு புறப்பட்டது. திடீர்ப் பயணம் என்பது வீட்டில் நால்வர்க்கே திடீரென்று அமைந்தது. ஐந்தாமவர்க்கு அது பல நாட் பணியை ஒன்றரை மணி நேரத்திற் சுருக்கிச் செய்வதாயிற்று.

வாலாஜா ரோடு நிலையத்தில் வண்டியேறினோம். பொதுப்பெட்டியில் கல்லூரி மாணவர் இருவர் எழுந்து பாட்டியார்க்கு இடமளித்தனர். பாட்டியாரோ அரக்கோணம் வருமுன்னரே அவ்விருவரின் ஊர், பெற்றோர், பாடம், சாப்பாடு ஆகிய யாவற்றையும் கேட்டறிந்துவிட்டார். சென்னையில் யாம் முதலிற் சென்ற காட்சிச்சாலை அன்று விடுமுறை. மறுப்பார் கூறிய இரண்டாங் காரணம் இங்கே மெய்யாயிற்று. முன்னரே விசாரித்திருந்தால் அவ்வலைச்சல் நேர்ந்திராது என்பதில் ஐயமில்லை. வெயிலேறியமையால் ஒரு தேவாலய வளாகத்து வேப்பநிழலில் அமர்ந்து கட்டுச்சோற்றை அவிழ்த்தோம். வீட்டில் நாள்தோறும் எமக்கெல்லாம் பரிமாறிய பின்னரே உண்ணுந் தாயார், அன்று எம்மோடு ஒருவரிசையில் அமர்ந்து உண்டார். காட்சிச்சாலை திறந்திருந்தால் அந்நிழலைக் கண்டிரோம். அவ்வுணவும் நின்ற நிலையில் முடிந்திருக்கும்.

மாலை வெயில் தணிந்தபின் பேருந்தேறிக் கடற்கரைச் சாலை சேர்ந்தோம். 1968ஆம் ஆண்டு சென்னையில் நிகழ்ந்த இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டை யொட்டி அங்கே தமிழ்ப் பெரியோர் சிலைகள் நிறுவப்பட்டன. தமிழ் ஆனர்ஸ் வகுப்பிற் பயிலும் எமக்கு அச்சாலை நடப்பது பாடத்திட்டத்தின் ஊடே நடப்பது போலாயிற்று. நீண்ட அங்கியுடன் நின்ற வீரமாமுனிவரைக் காட்டிப் பாட்டியார், "இவர் எந்த ஊர்ச் சாமியார்?" என்றார். இத்தாலி நாட்டார் என்றும், 1732இல் சதுரகராதி இயற்றியவர் என்றுங் கூறினோம். 1856இல், அதாவது எம் ஊர்க்கு முதல் வண்டி ஓடிய அதே ஆண்டில், திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல் 1841இல் சென்னையிலிருந்து நடந்தே புறப்பட்டுத் திருநெல்வேலி நாடு சேர்ந்தவர் என்றபோது, தந்தையார் வியந்து நின்றார். திருக்குறளையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் தந்த போப்பின் சிலைமுன் நின்று, "இவர்களைப் பற்றியா நீ படிப்பது?" என்று கேட்டார். தமிழ் படித்து என்ன வேலை கிடைக்கும் என்னும் வினாவன்றி வேறெதையும் எம் படிப்பைப் பற்றி அதுவரை அவர் கேட்டதில்லை. அவ்வினாவிற்கு விடையை யாம் இன்னுந் தேடிக்கொண்டிருக்கின்றோம். ஆயினும் யாது படிக்கின்றோம் என்பதை அவர் அறிந்துகொண்டது அச்சாலையிலேதான்.

கடற்கரையில் மணற்பரப்பு அகன்றது. முழங்கால் நோவுடைய முதியோர் அலைவரை சென்றடைதல் அரிது. விவேகானந்தர் இல்லத்தின் எதிரே, மாற்றுத்திறனாளிகளும் முதியோரும் கடலருகே செல்லும்பொருட்டு 2022 நவம்பரில் மரப்பாதையொன்று திறக்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரிற் புயலாற் சிதைந்து மீண்டுஞ் செப்பனிடப்பட்ட அப்பாதையின்மேல் பாட்டியார் தங்கையின் தோளைப் பற்றி நடந்து சென்றார். கடலைக் கண்டதும் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர், "இவ்வளவு தண்ணீரும் சும்மாவா கிடக்கிறது?" என்றார். வறண்ட பாலாற்று மணலைப் பல்லாண்டு கண்டு பழகிய கண்கள் வேறெங்ஙனம் வினவும்? சற்றுநேரங் கழித்து, "ஏன் கண்ணு, நம்ம பாலாறு இங்கேதான் வந்து விழுகிறதா?" என்று எம்மைக் கேட்டார். இல்லை ஆயா, இன்னுந் தெற்கே வயலூர்ப் பக்கம் போய்க் கடலிற் கலக்கிறது என்றோம். "வந்தால்தானே கலக்கும்," என்று கூறி நகைத்தார்.

இரவு மணி பதினொன்றுக்கு வீடு சேர்ந்தோம். ஐவர்க்கும் ஆன பணச்செலவு ஏறத்தாழ 1,200 ரூபாய். இவ்வாண்டு தைத்திங்களிற் பாட்டியார் வழுக்கி வீழ்ந்து இடுப்பெலும்பு முறிந்தது. அன்றுமுதல் அவர் கட்டிலை விட்டு எழுந்திலர். முறையான திட்டத்திற்கென்று யாம் காத்திருந்தால் அவர் கடல் காணாமலே இருந்திருப்பார். பொருள் வீணாகும் என்பார்க்கு யாம் இறுக்கும் விடை இதுவே.

ஆயின் 1,200 ரூபாய் என்னுங் கணக்கு முழுமையானதன்று. அதில் எழுதப்படாத செலவை வேறொருவர் கொடுத்தார். காலைமுதல் கடற்கரை சேரும்வரை தாயார் இரண்டு மிடறு தண்ணீரே பருகினார். காரணம் வெளிப்படை. வழியிற் பெண்கள் செல்லத்தக்க தூய கழிப்பிடம் எங்குண்டு என்பது அவர்க்குத் தெரியாது. தெரியாத இடத்தில் தாகத்தை அடக்குதலே பாதுகாப்பு எனப் பெண்டிர் பலர் சிறு வயதிலேயே கற்றுக்கொள்கின்றனர். இரவில் வீடு சேர்ந்தவுடன் நால்வர் படுத்தனர். ஒருவர் சோற்றுப் பாத்திரங்களைக் கழுவினார். இதனை யாரும் அவர்க்கு ஆணையிடவில்லை. ஆணையின்றியே நடப்பதுதான் இதிலுள்ள தீங்கு. திட்டமிடாமை என்று நாம் புகழ்வது, திட்டமிடும் வேலையைச் சொல்லாமலே தாய்மாரிடம் ஒப்படைத்துவிடுவதாக முடியுமாயின், அப்புகழ்ச்சி போலிப் புகழ்ச்சியே.

ஆகையால் பயணத்தையே விட்டொழிக்க வேண்டுமோ? அற்றன்று. தலைவலிக்குத் தலையை நீக்குவாரில்லை. அன்று கடல் நீரில் கால் நனைத்து நின்ற தாயார், "அடுத்த தடவை சாப்பாடு கட்டி வரமாட்டேன், கடையில் வாங்கித் தாருங்கள்," என்று தந்தையாரிடங் கூறினார். அவர் வேண்டியது பயணமின்மையன்று, சுமையின்மை. அதன்பின் எம் வீட்டிற் சிறு மாறுதல் நிகழ்ந்துள்ளது. மாத்திரைகள், துண்டு, வெற்றுப் புட்டிகள், சிறிது பணம் இவையடங்கிய பையொன்று எப்பொழுதும் ஆணியில் தொங்குகின்றது. இவ்வாண்டு சித்திரையில் ஒருநாள் மீண்டும் அவ்வாறே எண்ணம் எழுந்தபோது, தந்தையார் வீட்டிலிருந்து பாட்டியார்க்குக் கஞ்சி காய்ச்சி உதவ, தாயார் எம்மிருவரோடுஞ் சென்றார். 1851இல் தொடங்கப்பெற்ற எழும்பூர் அரும்பொருட் காட்சிச்சாலையில் அமராவதிச் சிற்பங்களையும் சோழர் காலச் செப்புத் திருமேனிகளையும் அவர் பொறுமையாகக் கண்டார். அதே வளாகத்தில் 1896இல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகத்திற் சிறிதுநேரம் இருந்தார். அம்முறை அவர் கையில் சோற்று மூட்டை இல்லை. ஒரு சிறு பணப்பையே இருந்தது.

குடும்பம் தன் கடமையைச் செய்தபின் நகரம் தன் கடமையைச் செய்தல் வேண்டும். ஆற்றுப்படைப் பாணனுக்கு வழியே ஏற்பாடு செய்து வைத்திருந்தது என்று முன்னர்க் கூறினோம். ஒருநாள் வந்து போவோர்க்குப் பெருநகரம் செய்யத்தக்க விருந்தோம்பல் அத்தகையதே. அது பெருஞ்செலவை வேண்டுவதன்று. நிழலுள்ள இருக்கை, குடிநீர்க் குழாய், பெண்டிர்க்கேற்ற தூய கழிப்பிடம், அது எங்குள்ளது என்று தெளிவாகக் காட்டும் தமிழ்ப் பலகை, காட்சிச்சாலைகளின் விடுமுறை நாளைப் பேருந்து நிலையங்களிலும் இரயில் நிலையங்களிலும் எழுதி வைத்தல் ஆகிய இவ்வளவே. செய்தால் எத்துணைப் பயன் விளையும் என்பதற்கு இரண்டு சான்றுகள் கண்முன் உள்ளன. மரப்பாதை ஒன்று எழுபத்தாறு வயது மூதாட்டியைக் கடலிடம் சேர்த்தது. 2021 மே முதல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளிற் பெண்கட்குக் கட்டணமில்லாப் பயணம் வழங்கப்பட்டமையால், எம் வீட்டு மகளிர் நகரினுள் எவ்விடமுஞ் செல்லத் தந்தையாரின் பையை நோக்க வேண்டியதாயில்லை. இவை இரண்டும் கருணைச் செயல்களல்ல. நகரம் அங்கே வாழ்வோர்க்கு மட்டும் உரியதன்று. மாநிலத்தார் யாவரின் பொருளாலும் உழைப்பாலும் எழுந்த தலைநகரில், ஒரு பகல் தங்குவோர்க்கும் உரிமையுண்டு.

கைப்பேசியில் எல்லாவற்றையும் முன்னரே காணலாமே, பின்னர்த் திட்டமின்மை எதற்கு என்று தோழர் சிலர் கேட்கக்கூடும். விடுமுறை நாளையும் வண்டி நேரத்தையும் அதிற் காணுதல் நன்றே. இரண்டாம் முறை யாமும் அவ்வாறே செய்தோம். ஆயின் காணவேண்டிய பத்து இடங்களை ஒருவன் மணிக்கணக்கிட்டு வரிசைப்படுத்திக்கொண்டு செல்வானாயின், அவன் குடும்பத்தோடு செல்கின்றான் அல்லன். குடும்பத்தை ஓட்டிச் செல்கின்றான். முதியவர் களைத்து அமர்ந்தால் அவன் முகம் சுளிக்கும். வேப்பநிழல் அவன் பட்டியலில் இராது. பயணத்தில் இடம் முதன்மையா, உடன் வருவோர் முதன்மையா என்பதே வினா. ஒருநாட் பயணத்தில் உடன் வருவோரே முதன்மை என்பது எம் கருத்து.

கல்லூரித் தோழர்காள்! நம்முட் பலர் விடுதியில் வாழ்பவர். தோழரோடு நினைத்தவுடன் நகர்க்குச் சென்று மீள்வது நமக்கு எளிதாயிருக்கின்றது. நம் தாய்மாரும் பாட்டிமாரும் அவ்வாறு நினைத்தவுடன் எழுந்த நாட்கள் எத்தனை? வரும் விடுமுறையில் வீடு சென்றதும், ஒருநாட் காலையில் அவர்களைக் கேட்டுப் பாருங்கள். கேட்குமுன் மூன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். சோற்று மூட்டையை நாம் சுமப்போம். கழிப்பிடத்தை நாம் விசாரிப்போம். இரவு பாத்திரங்களை நாம் கழுவுவோம். வீட்டில் நோயாளர் இருப்பின் யாரேனும் ஒருவர் தங்கவேண்டும். அவர் எப்பொழுதும் ஒரே ஒருவராய் இருத்தலாகாது. ஆசிரியப் பெருமக்களும் பழைய மாணவர்களும், தாம் வாழும் நகரங்களின் அலுவலகங்களிலும் மன்றங்களிலும் குரல் கொடுக்கும் நிலையில் உள்ளவர்கள். வந்துபோவார்க்கு ஒரு குழாயும் ஓர் இருக்கையும் வேண்டி அவர்கள் கேட்பார்களாயின், அது பல்லாயிரங் குடும்பங்கட்குச் செய்யும் பேருதவியாகும்.

பழம்பாட்டின் தலைவன் காதலியைப் பிரிய மனமின்றித் தன் செலவை நிறுத்தினான். அவனுக்கு அஃது அழகே. நமக்கோ பிரிய வேண்டிய தேவையில்லை. உடன் அழைத்துச் செல்ல ஒரு வண்டியும் ஒரு பகலும் உள்ளன. ஆதலின் செலவை அழுங்காது எழுக; எழுங்கால் அதன் செலவை யாவரும் பகிர்ந்து கொள்க.